மூன்றாம் நாள் அழுகை

சுகப்பிரசவம், குழந்தையும் நல்ல எடை. பார்க்க வந்தவர்கள் மூக்கு அப்பாவுடையதா, தாத்தாவுடையதா என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் வாக்கில் பெற்றவள் விசும்பி விசும்பி அழுகிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

காரணம் உடம்பில் இருக்கிறது. கர்ப்ப காலம் முழுக்க ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களை ஏராளமாகச் சுரந்தது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்த சில நாட்களில் அவற்றின் அளவு மளமளவென்று சரிகிறது. புரோஜெஸ்டிரோன் இறங்குவதால்தான் சீம்பால் மாறிப் பால் பெருகுகிறது. மார்பு கனத்துக் கட்டிக்கொள்கிறது. கண்ணீரும் அதே நாட்களில்தான் வருகிறது. பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும்.

இதோடு தூக்கமின்மை சேர்ந்துகொள்கிறது. பச்சைக் குழந்தை நாளெல்லாம் தூங்குவதுபோலத்தான் இருக்கும். ஆனால் இருபத்துநாலு மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்கும். முக்கால் மணி நேரம் குடித்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, ஈரத்துணி மாற்றிப் படுக்கவைத்தால், அடுத்த வேளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் மிச்சம். தாயால் மட்டுமே ஆவது பால் கொடுப்பது. ஏப்பமும் ஈரத்துணியும் கணவர் கைக்குப் போகலாம். ராத்திரியில் அதில் மிச்சமாகும் இருபது நிமிடம் அவளுக்குப் பெரிது.

நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரியைத் தாய்வீட்டில் வைத்து, அடுப்படிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அருமையானது. பூண்டுக் குழம்பும் பால்சுறா புட்டும் தாராளமாகக் கொடுங்கள். 'தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வயிறு வற்றுவது கர்ப்பப்பை சுருங்குவதைப் பொறுத்தது. அதற்கு ஆறு வாரம் போல ஆகும். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல்தான் மிச்சம். தையல் போட்ட இடத்தோடு அது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, 'நான் ஒரு நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் விடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிள்ளை பெற்ற சில மாதம் கழித்தும் வரலாம். 'நாங்க பெக்காத பிள்ளையா?' என்ற பேச்சு அப்போது உதவாது. பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். 1987-இல் எடின்பரோவில் இதற்கென்றே 10 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அதன் கடைசிக் கேள்வி. வீட்டில் உள்ளவர்களும் அதைத் தயங்காமல் கேட்கலாம். 'ஆமாம்' என்று சொன்னால் தனியே விடாமல், உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அரிதாக, பிரசவமான சில நாட்களில் பெண் தூக்கமே இல்லாமல் தொடர்பற்றுப் பேசுவாள், இல்லாத குரல் கேட்கிறது என்பாள். காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போய் நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய அவசரம் அது. மற்றபடி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.