கடல் சூட்டில் விளக்கெரியுமா?

கார்வேட்டிநகரத்துக் கோயில் குளமானாலும் நம்மூர்ப் பொய்கையானாலும், கோடை நண்பகலில் மூழ்கி எழுந்தவர்கள் அறிவார்கள்: மேல்நீர் வெதுவெதுக்கும், அடிநீர் சில்லிடும். கடலிலும் அப்படியே. இந்த வெப்ப வேற்றுமையிலிருந்து ஆற்றல் பெறலாம் என்று 1881-இலேயே சொன்னார் பிரெஞ்சு அறிஞர் தார்சோன்வால். அவர் நாட்டவரான ஜார்ஜ் குளோத் 1930-இல் கியூபா கடற்கரையில் 22 கிலோவாட் மின்சாரம் எடுத்தே காட்டினார்.

எப்படி என்கிறீர்களா? அம்மோனியா எளிதில் கொதிக்கும் பொருள். 28 டிகிரி மேல்கடல் நீரின் சூடே அதை ஆவியாக்கப் போதும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும். 1000 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிய சுமார் 7 டிகிரிக் குளிர்நீர் ஆவியை மீண்டும் திரவமாக்கும். இட்லிப் பானை மூடியில் ஆவி நீராவது போலத்தான். நிலக்கரி வேண்டாம், இரவிலும் ஓடும்.

ஆனால் இயற்கை கணக்கில் கறார். இந்த வெப்பநிலைகளுக்கிடையே எவ்வளவு உயர்ந்த எந்திரமும் வெப்பத்தில் 100-க்கு 7 பங்குக்கு மேல் ஆற்றலாக மாற்ற முடியாது. நடைமுறையில் கிடைப்பது அதிலும் பாதிக்குக் குறைவு. அதிலும் ஒரு பங்கைப் பம்புகள் விழுங்கிவிடும். ஆகவே சிறிது மின்சாரத்துக்கும் ஏராளமாக நீர் இறைக்க வேண்டும், பெருங்குழாய் வேண்டும்.

அந்தக் குழாய்தான் நம்மவர்களைச் சோதித்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஜப்பானின் சாகா பல்கலைக்கழக ஒத்துழைப்புடன், தூத்துக்குடிக்கு அப்பால் ‘சாகர் சக்தி’ என்னும் மிதவையில் 1 மெகாவாட் நிலையம் அமைக்க முனைந்தது. நீண்ட குழாயைக் கடலில் இறக்குவதில் நேர்ந்த இடர்களால், 2000-களின் தொடக்கத்தில் அம்முயற்சி கைகூடாமல் போயிற்று.

ஆயினும் பட்ட பாடு வீணாகவில்லை. இதே வெப்ப வேற்றுமையைக் கொண்டு அக்கழகம் 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கியது. அழுத்தம் குறைந்த கலத்தில் மேல்நீரின் ஒரு பகுதி தானே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீர் அதை நன்னீராக்கும். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர்! 2011-இல் மினிக்காய், அகத்தித் தீவுகளும் இப்பயனைப் பெற்றன.

அங்கே பம்புகளை ஓட்டுவதற்கு டீசல் மின்சாரம் தேவைப்பட்டது. அதையும் கடலே தரட்டும் என்று, கவரத்தியில் கடல் வெப்ப மின்சாரத்தால் இயங்கும் குடிநீர் நிலையம் அமைக்கும் பணியையும் கழகம் மேற்கொண்டது. மின்சாரம் தேடிப் போனவர்கள் முதலில் குடிநீர் கண்டார்கள். தேர்வில் ஒருமுறை சறுக்கி வாடும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள்.