தில்லியில் வீட்டை வாடகைக்கு விடுவோருக்குக் காகிதமே காவல்

புது தில்லி: லஜ்பத் நகர், லட்சுமி நகர், முனிர்கா போன்ற பகுதிகளில் ஓய்வூதியத்துடன் மாடி வீட்டின் வாடகையையும் நம்பிக் குடும்பம் நடத்துவோர் ஏராளம். முகவரை அமர்த்திக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லை. குடித்தனக்காரரைத் தேடுவது முதல் தண்ணீர்த் தொட்டியைச் சீர்செய்வது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பே. குடிவந்தவர் காலி செய்ய மறுத்தால் எந்தச் சட்டத்தின் கீழ் எங்கு முறையிடுவது என்பதுதான் அவர்களில் பலருக்கு விளங்குவதில்லை.

விடை வாடகைத் தொகையில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தாது. அந்த வரம்புக்குள் உள்ள பழைய குடித்தனங்களில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 சதவீதம்தான் வாடகையை உயர்த்தலாம். வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை எனச் சட்டம் வரையறுத்துள்ள காரணங்களுக்காக மட்டுமே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் வெளியேற்றம் கோர முடியும். வரம்பைத் தாண்டினால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்தான் வழி. இன்று நடுத்தர மக்கள் வாழும் பகுதிகளில் ஓர் அறைக்கும் ரூ. 3,500 போதாது என்பதால், புதிதாகக் குடியேறுவோரில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையினர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நாடாளுமன்றம் முயலாமல் இல்லை. 1995-இல் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். ஆனால், சொற்ப வாடகையில் நெடுங்காலமாகக் கடை நடத்திவந்த வணிகர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி, அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கையை அரசு வெளியிடவில்லை. அறிவிக்கை வெளியிடுமாறு அரசைக் கட்டாயப்படுத்த இயலாது என 2003-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. 2013-இல் அச்சட்டத்தையே ரத்து செய்யும் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. ஒருநாள்கூட நடைமுறைக்கு வராத சட்டத்தை ரத்து செய்ய ஒரு மசோதா! ஆட்சிகள் மாறியபோதும், வணிகர்களின் வாக்குகளைப் பகைத்துக்கொள்ள எந்தக் கட்சியும் துணியவில்லை. மாடி வீட்டுக்காரருக்கு அப்படியொரு சங்க பலம் இல்லை.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகக் கூடாது. கெடு முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரு மாதங்களுக்கு இரட்டிப்பு வாடகையும், அதன் பின் நான்கு மடங்கும் செலுத்த வேண்டும் என்கிறது அது. எனினும் இது மாதிரி மட்டுமே. தமிழகம் 2017-லும், நொய்டா அடங்கிய உத்தரப் பிரதேசம் 2021-லும் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன.

இந்நிலையில், தில்லியில் சிறு உரிமையாளருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமே முதல் பாதுகாப்பு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. பதிவு செய்யாத நீண்டகால ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. 11 மாதம் முடிந்ததும் புதிய ஒப்பந்தம் எழுதாமல் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பதுதான் பலர் செய்யும் பிழை. அவ்வாறு வாங்கினால் அது மாதாந்தரக் குடித்தனமாகக் கருதப்படும். அதை முடிக்க 15 நாள் முன்னறிவிப்பு தேவை.

வாடகையை வங்கிக் கணக்கில் பெறுவது நல்லது. அதற்குக் காரணம் வருமான வரி மட்டுமன்று. வாடகை உறவையும் தொகையையும் குடித்தனக்காரர் மறுக்க இயலாமல், முன்னறிவிப்பும் முறையாக அளிக்கப்பட்டிருந்தால், அவரது ஒப்புதலின் அடிப்படையில் முழு விசாரணையின்றியே வெளியேற்ற ஆணை பிறப்பிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. பல ஆண்டு வழக்குக்கும் சில மாத வழக்குக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான்.

ஆத்திரத்தில் மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிப்பது வழக்கையே கெடுத்துவிடும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தடை செய்துள்ளது. அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளவரும் நீதிமன்றத்தில் தடையாணை பெறலாம். குடிவருபவரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் அளிப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. தவறினால் உரிமையாளர் மீதே வழக்குப் பாயும். சாவி கைமாறும் நாளில் மின் மீட்டர் அளவு, குழாய், விசிறி, கதவுகளின் நிலை ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையொப்பமிட்டுக்கொண்டால், முன்பணத்தைத் திருப்பித் தரும்போது எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி எழாது.