உங்களுக்குத் தெரியுமா? பரணில் மினுங்கும் துகள் ஆபத்தாகலாம்!

அமெரிக்கா, கனடாவின் பழைய வீடுகளில் குளிரைத் தடுக்க, கூரைக்கடியில் உள்ள பரணில் ஏதாவது ஒரு பொருளை நிரப்பியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ பஞ்சாக விரிந்திருந்தால் அது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். பொடிப்பொடியாகக் கிழித்த சாம்பல் நிறச் செய்தித்தாளாகத் தெரிந்தால் செல்லுலோஸ்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வெர்மிகுலைட் பற்றித்தான். சாம்பல் கலந்த பழுப்பிலோ வெள்ளி, பொன் நிறத்திலோ மினுங்கும் சிறு துகள்கள் அவை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆர்மோனியத் துருத்தி போல அடுக்கடுக்காக மடிந்திருக்கும். மைக்காவை ஒத்த இந்தக் கனிமத்தைச் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்து உப்ப வைக்கிறது.

வெர்மிகுலைட் தன்னளவில் கெடுதல் இல்லை. ஆனால் 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்றதில் 70 சதவீதத்துக்கு மேல் மொன்டானா மாநிலத்தின் லிபி என்ற ஊரின் ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தே கிடந்தது. ‘ஸோனோலைட்’ என்ற பெயரில் அந்த வெர்மிகுலைட் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போனது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களின் குடும்பத்தாரும் நுரையீரல் நோயால் மடிந்தார்கள். 2009-இல் அமெரிக்க அரசு லிபியில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்களே, பரணில் இந்தத் துகளைக் கண்டால் கிளறாதீர்கள், பெருக்காதீர்கள், அங்கே சாமான்கள் வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் அகற்றப் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.