கொத்தனார் போனை எடுக்கலை!

சனிக்கிழமை காலை. வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், போன் அடிக்கிறது. எடுத்தால்... புரோக்கர் அண்ணன்! அவர் கடைசியாக என்னோடு பேசியது 2016-ல். அதற்கப்புறம் நான் எதிரே வந்தாலே, டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிற மனுஷர்.

"தம்பி, நல்லாருக்கீகளா? உங்க போடி மனைக்கு ஒரு பார்ட்டி வந்துருக்கு. மார்க்கெட்டு எந்திரிச்சிருச்சு தம்பி!"

என்னைப் போல மதுரையில் ஆபீஸ் நாற்காலி தேய்த்துக்கொண்டு, சொந்த ஊரில் ஒரு துண்டு மனையை மனசுக்குள் சுமந்துகொண்டிருக்கும் நண்பர்களுக்கு இந்த 'எந்திரிச்சிருச்சு' எவ்வளவு இனிக்கும் என்று தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போடிநாயக்கனூருக்கு வெளியே, முந்தல் போகிற பக்கம் மூன்று சென்ட். 2014-ல் அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கினார். வளைவு, கலர் கொடி, மதியம் பிரியாணி என்று மனை விற்றவர்கள் அமர்க்களப்படுத்தினார்கள். 'அப்ரூவல்' என்ற ஒரு சமாசாரம் மட்டும் பிரியாணியில் முட்டை மாதிரி, தேடியும் கிடைக்கவில்லை. "வந்துரும் சார்" என்றார்கள். வரவில்லை.

2016-ல் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனையை விற்று முடிக்கலாம் என்றார் அப்பா. செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. விளைநிலமெல்லாம் கல் நட்டு மனையாகிறதே என்ற நியாயமான கவலை. ஆனால், கல் நட்டவர் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டார், மாட்டியது வாங்கினவன்! சரி, பார்ப்போம் என்றிருந்தால் நவம்பர் 8-ம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு. கையில் காசு வைத்திருந்தவர்களே பாங்க் வாசலில் நின்றார்கள். கல்யாணம் வட்டிக் கடனில்தான் நடந்தது. அந்தக் கடன் முடிய எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

அடுத்த வருஷமே அரசு ஒரு வழி திறந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று. நானும் அலைந்து திரிந்து கட்டிவிட்டேன். ஆக, இப்போது என் மனை கௌரவமான மனை. ஆனால் கேட்க நாதியில்லாமல் கிடந்தது. இந்த சனிக்கிழமை வரைக்கும்!

மார்க்கெட் எழுந்ததா, புரோக்கர் மட்டும் எழுந்தாரா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. அங்கே 2006-க்குப் பிறகு வீட்டு விலை சரியத் தொடங்கி, 2012 வாக்கில்தான் தரை தட்டி நின்றது. மாசா மாசம் எத்தனை வீட்டுக்குக் கட்ட அனுமதி வாங்கினார்கள், விற்காமல் நிற்கும் வீடுகள் எத்தனை மாசத்துக்குக் காணும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். போடிக்கு அப்படி யார் கணக்குப் போட்டுத் தருவார்கள்? நான் குரங்கணிக்கு பஸ் ஏறினேன். அங்கேதான் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சானுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மா, இலவம். போடியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். கீழே எவன் வீட்டுச் சுவருக்கு எத்தனை மூட்டை சிமென்ட் போனது என்பது வரைக்கும் தெரிந்த மனுஷர்.

குரங்கணிக்கு வேறொரு பெருமையும் உண்டு. மூணாறு மலைத் தேயிலை ஒரு காலத்தில் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே இந்த கோட்டகுடிப் பள்ளத்துக்கு இறங்கி, போடி போனது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலை மேலே நடப்பதற்குத் தகுந்தபடி போடியின் மடி நிறைவதும் காலியாவதும் அன்றிலிருந்தே வழக்கம்.

"அதேதான் மாப்ளே" என்றார் மச்சான், காபியை ஆற்றியபடி. "ஏலக்காயைப் பாரு. 2019 ஆகஸ்டுல புத்தடி ஏலத்துல ஒரு கிலோ ஏழாயிரம் ரூவாய்க்குப் போச்சு. அப்ப போடியில டீ குடிக்க வந்தவன்கூட மனை வெலை கேட்டான். 2022-ல கிலோ ஆயிரத்துக்குக் கீழ எறங்குச்சு. ஒருத்தனையும் காணோம். 2024-ல வெயில்ல செடி காஞ்சு காய் கொறைஞ்சதும் திரும்ப ரெண்டாயிரத்தைத் தாண்டுச்சு. காய் வெலையில வர்ற மனை வெலை, காயோட போயிரும்."

"அப்ப எதைத்தான் நம்புறது?"

"ரயிலை நம்பலாம்."

வாஸ்தவம். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ம் தேதியோடு நின்றது. தொண்ணூறு கிலோமீட்டர் அகலப் பாதையாகித் திரும்ப போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டரை வருஷம்! இப்போது மதுரைக்கு தினசரி வண்டி, சென்னைக்கு வாரம் மூன்று நாள் வண்டி. ஏலக்காய் மாதிரி தண்டவாளம் விலை இறங்காது. மதுரையில் வேலை, போடியில் வீடு என்று ஒருத்தன் யோசிக்கவாவது முடிகிறது.

வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2025-ன் முதல் ஆறு மாசத்தில் ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.5 சதவீதத்துக்கு இறக்கியது. இருபது லட்சம் கடன், இருபது வருஷத் தவணை என்றால், ஒன்பதரை சதவீதத்துக்கு மாசம் சுமார் 18,640 ரூபாய்; எட்டரைக்கு சுமார் 17,360. மிச்சம் 1,280. சம்பளக்காரனுக்கு அது ஒரு மாசப் பால் கணக்கு சார்! பதிவுக் கட்டணமும் 2017-ல் நாலு சதவீதமாக ஏறியது, 2023-ல் இரண்டாக இறங்கியது. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் இன்னும் ஒரு சதவீதம் குறைவு. இதைச் சொன்னதும் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என் கல்யாணத்துக்கு விக்காத மனைதானே? என் பேருக்கு எழுதிரு. ஒரு சதவீதம் லாபம்."

மச்சான் சிரிக்கவில்லை. "நான் பாக்குற கணக்கு வேற மாப்ளே. போன வருஷம் வரைக்கும் என் வீட்டுக்கு ஒத்திக்கு ஆள் தேடி அலைஞ்சேன். இப்ப இருக்குறவன் காலி பண்றேன்னு சொன்ன அன்னிக்கே மூணு பேரு கேட்டாங்க. குடியிருக்க ஆள் வரணும். அதுக்கப்புறம் வர்ற வெலைதான் வெலை. இன்னொண்ணு, கொத்தனாருக்குப் போன் போடு. எடுத்தான்னா மார்க்கெட் படுத்துக் கெடக்குன்னு அர்த்தம்."

இதற்கிடையில் குரங்கணி டீக்கடையிலேயே ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், மலை வியூவோட இடம் இருக்கு. ரிசார்ட் போடலாம்." 2018 மார்ச் 11 காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் கருகிப்போன இடம் இது. 2024-ல் அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இந்தப் பாதையும் சேர்ந்ததிலிருந்து, 'வியூ'வுக்கு விலை சொல்ல ஆள் வந்துவிட்டார்கள். பட்டா யார் பேரில் என்று கேட்டேன். வனத்துறை எல்லை எது என்று கேட்டேன். மலைக் கிராமத்தில் கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழு அனுமதி வேண்டுமே என்றேன். தம்பிக்கு அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டது.

சாயங்காலம் மனைக்குப் போனேன். புரோக்கர் அண்ணன் பார்ட்டியோடு நின்றார். பார்ட்டி வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். "டோக்கன் அட்வான்ஸ் இப்ப வாங்கிக்கங்க. பத்திரம் ஆறு மாசத்துல. நான் கை காட்டுற பேருக்கு எழுதிக் குடுங்க" என்றார். அட, இவரும் புரோக்கர்தான்! என் மனையை என் பணத்திலேயே ஆறு மாசம் விற்றுப் பார்க்கப்போகிறார்.

நான் பதில் சொல்லாமல் சுற்றிப் பார்த்தேன். பத்து வருஷமாக சீமைக் கருவேலம் மட்டுமே குடியிருந்த இடம். எனக்கு நாலு மனை தள்ளி ஒரு வீடு லிண்டல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. வாசலில் ஆற்று மணல் இல்லை, எம்.சாண்ட் குவியல். பக்கத்தில் புதிதாக ஒரு மின்கம்பம். சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மகன் திருப்பூரில் வேலையாம், பாங்க் கடனாம். "தைக்குள்ள பால் காச்சிரணும் தம்பி. ஒத்தையில இருக்க பயமாருக்கும். நீங்களும் கட்டி வந்துட்டா ஒரு தொணையா இருக்கும்ல?"

வெள்ளைச் சட்டைக்காரரிடம் "விற்கிற யோசனை இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். புரோக்கர் அண்ணன் பேப்பர் இல்லாததால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராத்திரி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து, 2014-ல் மனை வாங்கினபோதே கோடு போட்ட நோட்டில் தன் கையால் வரைந்து வைத்திருந்த வீட்டு பிளானை எடுத்து நீட்டினார். அதில் அக்காவுக்கும் ஒரு ரூம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கொத்தனாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பத்து மணிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மத்தியானம் அவர் சம்சாரம் எடுத்தார்.

"அவுக மூணு எடத்துல வேலை பாக்குறாகண்ணே. மாசி கழிச்சுப் பேசச் சொன்னாக."