நீர்ச் சோதனை அறிக்கை எப்போது செல்லும்?

சாயக்கழிவால் கிணறு கெட்டதென்கிறார் விவசாயி. சுத்திகரித்தே விடுகிறோமென்கிறது நெசவாளர் சங்கம். இருவரும் நம் அங்கத்தினர்களே. வழக்கைத் தீர்க்கவல்லது பரிசோதனைச் சாலையின் அறிக்கை. ஆனால் எல்லா அறிக்கையும் செல்லுபடியாவதில்லை.

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. கழிவுநீர் மாதிரி எடுக்கும் வாரிய அதிகாரி, பட்டறைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புத் தருதல் வேண்டும். அவர் முன்னிலையில் நீரை இரு பாகமாக்கி, கலங்களுக்கு முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிடுவர். ஒன்று வாரியம் நிறுவிய அல்லது அங்கீகரித்த சாலைக்கு உடனே செல்லும். பொறுப்பாளர் கோரினால், மற்றது மாநில அரசு குறிப்பிட்ட சாலைக்குச் செல்லும். முடிவுகள் முரண்பட்டால் அரசுச் சாலையின் முடிவே நிற்கும். முறை வழுவின், எத்துணை நஞ்சு கண்டாலும் அம்முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. கோரும் உரிமையைப் பட்டறையாளர் பலர் அறியார் என்பதே என் எண்ணம்.

சாலைகளுக்கும் தேர்வு உண்டு. என்.ஏ.பி.எல். என்னும் தேசிய அமைப்பு, ஐ.எஸ்.ஓ. 17025 என்ற அளவுகோலின்படி, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே தகுதி வழங்குகிறது. உப்பை அளக்கத் தகுதி பெற்ற சாலைக்குக் குரோமியத்தை அளக்கும் தகுதி இல்லாதிருக்கலாம். கட்டணம் செலுத்துமுன் அத்தகுதிப் பட்டியலைக் கேட்டு வாங்குக.

விவசாயி தாமே சீசாவில் மொண்டு அனுப்பும் நீரின் அறிக்கை புகாருக்குத் துணையாகும். முத்திரையிட்ட மாதிரிக்கு ஈடாகாது. அவ்வறிக்கையை இணைத்து, மாதிரி எடுக்க வருமாறு வாரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.