பதிப்பாசிரியரும் தம் இதழும்: சப்ரகமுவத் தோட்ட ஆய்வுகளை முன்னிட்டுச் சில குறிப்புகள்

1924ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கித் தாமே அதில் எழுதியதிற் குறைகாண இடமில்லை. தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று வாதிடுவதே அவர் நோக்கம். வாசகரும் அதனை அவர் குரலாகவே கொண்டனர். ஆய்விதழின் நிலை வேறு. எழுதியவர் அல்லாத ஒருவர் கட்டுரையைப் பரிசீலித்துள்ளார் என்னும் உறுதியை அது வாசகனுக்கு வழங்குகின்றது. பதிப்பாசிரியர் தமது இதழிலேயே கட்டுரை வெளியிடும்போது அவ்வுறுதியே ஐயத்துக்குள்ளாகின்றது.

இஃது எமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. கணித பௌதிக இதழொன்றின் பிரதம ஆசிரியராயிருந்த முகமது எல் நாஷி, அதிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட தம் கட்டுரைகளை வெளியிட்டமை 2008இல் வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் மார்செய் நகர ஆய்வாளர் சிலர், கொரோனாவுக்கு ஐதரொக்சிகுளோரோகுயின் பயனளிப்பதாக எழுதிய கட்டுரை, சமர்ப்பிக்கப்பட்ட மறுநாளே ஏற்கப்பட்டது. அதன் ஆசிரியருள் ஒருவர் அவ்விதழின் பிரதம ஆசிரியர். பரிசீலனையில் அவருக்குப் பங்கில்லை என்று, ஐயம் எழுந்த பின்னரே, இதழுக்குரிய சங்கம் விளக்கமளித்தது. 2024 டிசம்பரில் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் எத்தனை நோயாளர் அம்மருந்தை உட்கொண்டனர்!

பதிப்பாசிரியர் தம் இதழில் எழுதவே கூடாதென விதித்தல் எளிது. எமது சூழலில் அது நடவாது. மலையகம் பற்றித் தமிழில் ஆய்வோர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களை ஆய்வோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். நுவரெலியாவே மலையகம் எனக் கருதும் பழக்கமும் இதற்குக் காரணமாகும். பெயரை மறைத்து அனுப்பினாலும், கேகாலைத் தோட்டம் பற்றிய கட்டுரை யாருடையது என்பதை மதிப்பீட்டாளர் முதற் பக்கத்திலேயே அறிந்துகொள்வார். அவர் எழுதியவரின் மாணவராகவோ சக விரிவுரையாளராகவோ இருப்பதும் இயல்பு. பதவி உயர்வுக்கான புள்ளிகள் இத்தகைய வெளியீடுகளில் தங்கியிருக்கையில், தயவுதாட்சணியம் புகாதென்று எவ்வாறு கூறுவது?

இதனால் நட்டமடைவோர் யார்? 1977, 1981 வன்செயல்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பற்றிய ஒரு தவறான எண்ணிக்கை அச்சேறுகின்றதென வைத்துக்கொள்வோம். அடுத்த ஆய்வாளர் அதனை மேற்கோள் காட்டுவார்; மூன்றாமவர் அதனைச் சான்றெனக் கொள்வார். இறக்குவானைத் தோட்டத்து முதியவர் ஒருவர் அதன் பிழையை அறிவார். ஆயின் மதிப்பீட்டாளர் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

ஆதலின், முகத்தை மறைக்கும் திரையைவிடப் பகிரங்கமே எமக்குப் பயன்படும். கட்டுரை பெறப்பட்ட நாளும் ஏற்கப்பட்ட நாளும் அச்சிடப்படல் வேண்டும். பதிப்பாசிரியரின் கட்டுரையாயின், வேறு பல்கலைக்கழகத்தவர் ஒருவர் விருந்தாசிரியராயிருந்து முடிவுசெய்தார் என்பது கட்டுரையின் அடியிலேயே குறிக்கப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ தமிழகத்திலோ அத்தகையோர் இல்லாமற் போகவில்லை. மொழி தடையாகாதாயின் சிங்கள ஆய்வாளரையும் நாடலாம். சப்ரகமுவத் தோட்டங்களைச் சூழ்ந்திருப்பவை சிங்களக் கிராமங்களே. தகவல் தந்த தோட்டத்திலேயே கட்டுரையின் பிரதியை வாசித்துக்காட்டித் திருத்தம் கேட்பது இன்னும் நன்று. அதற்குக் காலம் பிடிக்கும், இதழ் தாமதிக்கும், தாமதிக்கட்டும்.

தமிழ்ச் சங்க இதழ்களை நடத்தும் நாமும் இதற்கு விலக்கல்லோம். கட்டுரை குறைந்த ஆண்டுகளில் குழுவினரே எழுதிப் பக்கம் நிரப்பும் வழக்கம் எமக்குப் புதிதன்று.