மழை வந்தால் அடுப்பை என்ன செய்வது?

டிசெம்பர் மாலை. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளையின் பிறந்தநாள். தகரப் பீப்பாயை இரண்டாக வெட்டிச் செய்த அடுப்பில் சிரட்டைக் கரி கனிந்து கிடக்கிறது. கொச்சிக்காய்த் தூளும் தேசிக்காய்ச் சாறும் பிரட்டிய கோழி கம்பிவலையில் வேகிறது. திடீரென்று மழை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்பை இஸ்தோப்புக்கு ஏற்றுகிறார்கள். சாரல் அங்கும் அடிக்க, அடுப்பு குசினிக்குள் போகிறது. "புகையே இல்லையே, ஒன்னும் ஆகாது" என்கிறார் ஒருவர். அந்த நினைப்புத்தான் ஆளைக் கொல்லும்.

கண் எரியாத நஞ்சு

கவ்வாத்து மிலாறு எரித்துச் சமைப்பவர்களுக்குப் புகையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் எரியும், இருமல் வரும், கதவைத் திறந்துவிடுவார்கள். கனிந்த கரி அப்படி எச்சரிப்பதில்லை. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும்.

லயத்தில் கூடுதல் கவனம் ஏன்?

பழைய லயக் காம்பிராக்கள் சிறியவை. பலவற்றில் காற்றோட்டம் குறைவு. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் குளிர் இரவுகளில் கதவும் ஜன்னலும் இறுக மூடியிருக்கும். குளிருக்கென்று தணல் சட்டியை உள்ளே வைத்துவிட்டுத் தூங்குவது, பிள்ளை பெற்றவளின் அறையைக் கரி போட்டுச் சூடாக்குவது இரண்டும் ஆபத்தானவை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், இதய நோயாளர் விரைவில் பாதிக்கப்படுவார்கள். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம்.

மூட்டும் முன்

• அடுப்பை வெட்டவெளியில், சமதரையில் வையுங்கள். சுவர், கூரை விளிம்பு, துணிக்கொடி, விறகுக் குவியல் ஆகியவற்றிலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்கட்டும்.
• ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயிலும் காற்றும் கடுமை. பத்தனைப் புல் காய்ந்திருக்கும். ஒரு பொறி பறந்தாலே மலைச்சரிவு பற்றிக்கொள்ளும். காற்று வீசும் நாளில் மூட்டாதீர்கள். மற்ற நாளிலும் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.
• தணல் மந்தமானால் விசிறுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் சுவாலை கைக்கே ஏறும். பெற்றோலைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.
• பெயின்ட் பூசிய பலகை, பிளாஸ்டிக், பொலித்தீன் போட்டு மூட்டாதீர்கள். அவற்றின் புகை நஞ்சு.

இறைச்சியில்

கோழியின் மேல்தோல் கருகினாலும் எலும்போரம் பச்சையாக இருக்கலாம். உட்பகுதி 74 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள்.

தலை வலித்தால், சுட்டுவிட்டால்

கரி எரியும் இடத்தில் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, அசதி என்று ஒன்றுக்கு மேற்பட்டோர் சொன்னால் தடிமன் என்று நினைக்காதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இந்த நஞ்சேற்றத்தில் சரியான அளவைக் காட்டாது. எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

தீச்சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள்.

முடிந்த பிறகு

மேலே வெள்ளைச் சாம்பல் படிந்தாலும் உள்ளே தணல் மறுநாள் வரை உயிரோடு கிடக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். நன்றாக ஆறியபின்பே குப்பையில் கொட்டுங்கள்.

நடுவில் மழை வந்தால்? கோழியை மட்டும் உள்ளே கொண்டுபோய், வழக்கமான அடுப்பில் தாச்சியில் போட்டு வேகவைக்கலாம். பீப்பாய் அடுப்பு வாசலிலேயே நனையட்டும்.